கோத்தகிரியில் ஒரு நாய்க்கூண்டு: குளிருக்குக் கட்டியதை வெயிலுக்கு மாற்றிய அனுபவம்

மலையில் நாய்க்கூண்டு கட்டுகிறவர்கள் இரண்டை மனதில் வைத்துத்தான் கட்டுவார்கள். ஒன்று மார்கழிக் குளிர், இன்னொன்று இருட்டியதும் இறங்கி வரும் சிறுத்தை. இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் கட்டியாக வேண்டும்: நாலு பக்கமும் ஹாலோ பிளாக் சுவர், மேலே தகரம், முன்னால் இரும்புத் தகடு அடித்த கதவு, கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு போகிற பக்கம், தேயிலைச் சரிவில் இருக்கும் எங்கள் வீட்டோடு சேர்ந்து வந்த கூண்டும் அப்படிப்பட்டதுதான். ஆறடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம். கட்டியவர் கை தேர்ந்த கொத்தனார். சுவரில் ஒரு விரிசல் கிடையாது. ஆனால் பங்குனி பிறந்ததும் அதற்குள் போக நாய்கள் முரண்டு பிடித்தன.

எங்களிடம் இருப்பவை இரண்டு. கருப்பன், ஷெப்பர்டு கலப்பு, அடர்ந்த கறுப்பு ரோமம், 28 கிலோ. வெள்ளச்சி, ராஜபாளையம் கலப்பு, வயதானவள், இளஞ்சிவப்பு மூக்கு. கருப்பன் கூண்டு வாசலில் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவான். அடம் என்று அதட்டி உள்ளே தள்ளுவது எளிது. நான் ஒரு தெர்மாமீட்டரை உள்ளே தொங்கவிட்டேன். வெளியே நிழலில் 26 டிகிரி இருந்த ஒரு மதியம், காலிக் கூண்டுக்குள் 38 காட்டியது. நாய்கள் உள்ளே இருந்தால் அவற்றின் உடம்புச் சூடும் மூச்சின் ஈரமும் அதோடு சேரும்.

“மலைல என்னங்க வெயில்?” என்று கீழே இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானது. வழக்கமான அளவைவிட ஐந்து டிகிரி அதிகம். சமவெளிக்காரர்களுக்கு அது சுகமான நாள். நிழலில் நிற்கும் மனிதனுக்கும் அப்படித்தான். ஆனால் காற்றின் வெப்பநிலை வேறு, வெயிலின் சூடு வேறு. உயரம் ஏற ஏற மேலே இருக்கும் காற்றின் கனம் குறைகிறது, வெயில் வடிகட்டப்படாமல் இறங்குகிறது. ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் என்ற கணக்கில் புற ஊதாக் கதிர் கூடுகிறது. கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டி இருக்கிறது. மேகமில்லாத ஏப்ரல் மதியத்தில் இங்கே தகரக் கூரையில் கை வைக்க முடியாது. வெள்ளச்சியின் காது நுனியும் மூக்கும் இந்த வெயிலில் சிவந்து தோல் உரிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அதனால் பெரிய பயன் இல்லை. நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிறதே, அதுதான் அதன் விசிறி. நாக்கிலும் மூக்குத் துவாரத்திலும் தொண்டையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூடு வெளியேறுகிறது. சுற்றியுள்ள காற்றிலேயே ஈரம் ஏறிவிட்டால் ஆவியாவது குறைந்துபோகும். மூடிய பெட்டிக்குள் இரண்டு நாய் இரைத்தால் கொஞ்ச நேரத்திலேயே அந்தக் காற்று கெட்டுவிடும். ஆகவே கூண்டுக்குத் தேவை குளிர்ச்சி மட்டும் என்று நினைக்கக் கூடாது. காற்று ஓடியாக வேண்டும். இங்கேதான் சிக்கல். காற்றுக்குத் திறந்தால் அது சிறுத்தைக்கும் திறந்ததாகிவிடும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாலைகள் பிடித்தன. பகலில் பெரும்பாலும் நாய்கள் வெளியேதான் இருக்கும். அவற்றை அடைப்பது அந்தி சாயும் நேரத்தில், இருட்டுவதற்குள். எங்கள் சரிவு மேற்குப் பார்த்தது. மதியம் முழுக்க வெயில் குடித்த மேற்குச் சுவர், அந்தச் சூட்டை உள்ளே கக்கத் தொடங்குவதும் அதே நேரத்தில்தான். வெளியே நமக்கு ஸ்வெட்டர் தேடத் தோன்றும். இரவு ஏழு மணிக்குச் சுவரின் உள்பக்கம் புறங்கையை வைத்துப் பார்த்தால் இளஞ்சூடு தெரியும். கதவை அடைத்துவிட்டு நாம் வீட்டுக்குள் போய்விடுகிறோம், அவை அந்தச் சுவரோடு கிடக்கின்றன. எனவே தகரத்தை மட்டும் மாற்றினால் போதாது, சுவர் மேல் வெயிலே விழாமல் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் வேலை நிழல். நர்சரிகளில் கட்டும் பச்சை நிழல்வலை, 75 சதவீத நிழல் தருவது, வாங்கினேன். ஜி.ஐ. பைப்பில் ஒரு சட்டம் செய்து மேற்குச் சுவருக்கு வெளியே ஒன்றரை அடி தள்ளி நிறுத்தினேன். சுவரோடு ஒட்டிக் கட்டினால் வலை வாங்கும் சூடு சுவருக்கே போகும். இடைவெளி இருந்தால் நடுவில் ஓடும் காற்று அதை எடுத்துக்கொண்டு போய்விடும். வலையின் கீழ் விளிம்பைத் தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தியே விட்டேன். பக்கத்தில் ஒரு முள்ளுமுருங்கை நட்டிருக்கிறேன். அது வளர்ந்து நிழல் கொடுக்கும்வரை வலைதான் துணை.

அடுத்தது கூரை. பழைய தகரத்தைப் பிரிக்கவில்லை. அதன் மேல், சரிவு இறங்கும் திசையிலேயே, நாலு அங்குல உயரத்துக்கு சில்வர் ஓக் ரீப்பர்களை, அதாவது மரச் சட்டங்களை, அடித்து, அதற்கு மேல் இன்னொரு தகரம் போட்டேன். ரீப்பரைக் குறுக்காக அடித்தால் காற்றுக்கு அணை கட்டியது போலாகிவிடும். சரிவோடு அடித்தால் கீழ் ஓரத்தில் நுழைந்த காற்று சூடாகி, தானே மேலேறி, மேல் ஓரம் வழியாக வெளியேறும். மேல் தகரம் வெயிலை வாங்கிக்கொள்ள, கீழ்த் தகரம் நிழலில் இருக்கும். இரண்டு ஓரத்தையும் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் என்ற கம்பி வலை வைத்து மூடினேன். இல்லாவிட்டால் எலி குடியேறும், எலியைத் தேடிப் பாம்பு வரும். தகரத்தை இறுக்கிப் பிடிக்கும் ஜே போல்ட்டை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டிருக்கிறேன். ஜூன் காற்றைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மேல் தகரத்துக்கு வெள்ளை அடிப்பது அவசியம். புதுத் தகரம் பளபளவென்று இருப்பதால் சூடாகாது என்று பலர் நம்புகிறார்கள். அது வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும், உண்மைதான். ஆனால் வாங்கிக்கொண்ட சூட்டை எளிதில் வெளியே விடாது. வெள்ளைப் பூச்சு இரண்டையும் செய்யும். சுண்ணாம்பு அடிக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: கான்கிரீட் தளத்துக்கு அருமையாக இருக்கும், தகரத்தில் பிடிப்பு இருக்காது, கோடை மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். தகரத்தைத் தேய்த்து, துத்தநாகத் தகட்டுக்கென்று விற்கும் பிரைமர் ஒரு கை, கூல் ரூஃப் பெயிண்ட் இரண்டு கை அடித்தேன்.

இனி காற்று. இந்த வேலையில் நான் அதிகம் யோசித்தது இதைத்தான். மலைச் சரிவில் காற்றுக்கு ஒரு நடை உண்டு. பகலில் வெயில் பட்ட சரிவு சூடாகிப் பள்ளத்திலிருந்து காற்று மேலேறும். ராத்திரி மேட்டுப் பக்கம் குளிர்ந்த காற்று கீழே இறங்கும். எனவே திறப்புகள் பள்ளத்துப் பக்கம் ஒன்றும் மேட்டுப் பக்கம் ஒன்றும் இருந்தால் எந்த நேரமும் ஓட்டம் கிடைக்கும். பள்ளத்துப் பக்கச் சுவரில், வலையின் நிழலுக்குள், கீழ் வரிசையில் ஒரு பிளாக்கைக் கழற்றினேன். எதிரே மேட்டுப் பக்கம் மேல் வரிசையில் இரண்டு பிளாக். கீழே குளிர்ந்த காற்று நுழைய, மேலே சூட்டுக் காற்று வெளியேறும். இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்தால் தகரத்தடியில் தேங்கும் சூடு அப்படியே நிற்கும். பிளாக்கைச் சுத்தியால் அடிக்காமல் சுற்றிலும் கிரைண்டரில் அறுத்து எடுக்கச் சொல்கிறேன். அடித்தால் பக்கத்துப் பிளாக்கும் ஆடிப்போகும்.

ஒவ்வொரு திறப்பிலும் 12 மில்லிமீட்டர் கம்பியை இரண்டு அங்குல இடைவெளியில் நிறுத்தி, முனைகளைச் சுவருக்குள் மூன்று அங்குலம் விட்டு ஜல்லி போட்டு அடைத்தேன். உள்பக்கம் அரை அங்குல வெல்டு மெஷ். கோழி வலை இதற்கு ஆகவே ஆகாது. சிறுத்தையின் நகத்துக்கு அது நூல்தான். கம்பியும் கதவும் செய்து கொடுத்த பட்டறைத் தம்பி முதலில் ஒரு யோசனை சொன்னார்.

“அண்ணே, மூணு இஞ்சு கேப் விட்டா கம்பி கொஞ்சம் மிச்சமாகும்.”

“வேண்டாம்ப்பா. மூணு விட்டா வெள்ளச்சி மூக்கை வெளிய நீட்டும். வெளிய நிக்கிற சிறுத்தைக்கு அது போதும்.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க தெருவுல ஒரு நாயைத் தூக்கிட்டுப் போயிடுச்சுண்ணே, சங்கிலி மட்டும் கெடந்துச்சு” என்றார். இரண்டு அங்குலத்திலேயே செய்து கொடுத்தார், மெஷ்ஷுக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

கதவு அவருடைய கைவண்ணம். பழைய தகட்டுக் கதவை எடுத்துவிட்டு, ஆங்கிள் சட்டத்தில் அதே 12 மில்லிமீட்டர் கம்பி வைத்த கதவு. அதற்கு வெளியே, தனிக் கீலில் திறந்து மூடுகிற ஒரு தகட்டுப் பலகை. கோடையில் பலகையைத் திறந்து கொக்கியில் மாட்டிவிடலாம், உறைபனி நாளில் சாத்திக்கொள்ளலாம். தாழ்ப்பாள் மட்டும் வைத்தால் நாயே மூக்கால் தள்ளித் திறந்துவிடும். கொண்டியும் பூட்டும் வேண்டும். சாவி வாசல் ஆணியில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் தொங்க வேண்டும், அவசரத்துக்குத் தேடக் கூடாது.

தரை பழைய சிமென்ட் தரையே. ஆறு அங்குல உயரத்தில் ஒரு கட்டில் சட்டம் செய்து சணல் சாக்கை இழுத்துக் கட்டினேன். அடியிலும் காற்று போகிறது. வெள்ளச்சி அதில்தான் படுக்கிறது, மூட்டு வலிக்காரிக்கு அது சுகம். கருப்பன் வெறுந்தரையையே விரும்புகிறான். பகலில் அவன் கூண்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, நீலப்பூச் செடிக்கு அடியில் குழி தோண்டிக்கொண்டு ஈரமண்ணில் வயிற்றை வைத்துப் படுத்துவிடுவான். வீட்டில் பூச்செடி போகிறதே என்று வருத்தம்தான். நான் அந்தக் குழியை மூட விடவில்லை. நாய் தன் உடம்புக்குத் தானே தேடிக்கொண்ட இடம் அது, முடி குறைந்த வயிறுதான் சூட்டைச் சுலபமாக விடும். ஆனால் அந்த ஈரநிழலில் உண்ணியும் இருக்கும். மாலையில் காது மடல், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரல் இடுக்கு என்று தடவிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். உண்ணிக் காய்ச்சலும் கோடையில்தான் அதிகம் வருகிறது.

தண்ணீருக்கு இரண்டு சிமென்ட் தொட்டி, இரண்டும் நிழலில், ஒன்றுக்கொன்று தள்ளி. ஒன்றை எருமையோ மாடோ கவிழ்த்தாலும் இன்னொன்று இருக்கும். நாய்க்குக் கிலோவுக்கு 50, 60 மில்லி என்று கணக்கு. கருப்பனுக்குச் சாதாரண நாளிலேயே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் வேண்டும். வெயிலில் கிடக்கும் கறுப்பு ஓஸில் முதலில் வருவது வெந்நீர், அதைச் செடிக்கு விட்டுவிட்டுப் பிறகு தொட்டியில் பிடிக்கவும். சாப்பாட்டை வெளியே மிச்சம் வைப்பதில்லை. கோத்தகிரியில் கரடி எதற்கெல்லாம் வாசலுக்கு வரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஈரச் சாக்கைத் திறப்பில் தொங்கவிட்டால் என்ன என்று கேட்பார்கள். காற்று வறண்டிருக்கும் நாளில், எதிர்ப் பக்கமும் திறந்திருந்தால், நன்றாகவே வேலை செய்யும். கோடை மழை பெய்து மண் ஆவி விடும் நாளில் செய்தால் கூண்டுக்குள் புழுக்கம்தான் ஏறும். நான் பழக்கமாக வைத்துக்கொள்ளவில்லை.

வேலை முடிந்தபின் அதே தெர்மாமீட்டர், அதே ஆணி. வெளியே நிழலில் 27 இருந்த மதியத்தில் உள்ளே 29. மாலை ஏழு மணிக்கு மேற்குச் சுவரின் உள்பக்கம் கைக்குக் குளிர்ச்சியாகவே இருக்கிறது. இப்போது கருப்பன் கூப்பிட்டதும் உள்ளே போகிறான். அதுதான் எனக்கு முக்கியமான அளவு.

கூண்டு சரியானால் மட்டும் நாய் தப்பிவிடாது என்பதையும் எழுத வேண்டும். பிரிட்டனில் கால்நடை மருத்துவப் பதிவுகளை வைத்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், வெப்பத்தால் பாதிக்கப்பட்ட நாய்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்குக்குக் காரணம் ஓட்டமும் நடையும் விளையாட்டும். காரில் அடைபட்டவை இருபதில் ஒன்று அளவுதான். மே மாதம் எங்கள் பக்கத்து வீட்டில் நடந்ததும் அதுவே. விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் உச்சிவெயிலில் அந்த வீட்டு அக்காவின் பக் நாயோடு பந்து விளையாடினார்கள். சப்பை மூக்கு நாய்களுக்கு இரைப்பதற்கே இடம் போதாது, விளையாட்டு ஆசையில் அவை நிற்கவும் நிற்காது. நான் போனபோது நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக ஒழுக, பின்னங்கால் தள்ளாடிக்கொண்டிருந்தது. அக்கா ஈரத் துண்டைப் போர்த்தப் போனார்.

“போர்த்தாதீங்கக்கா, சூடு உள்ளயே நிக்கும். ஊத்துங்க, ஊத்திக்கிட்டே இருங்க.”

“பச்சைத் தண்ணி தம்பி, ஜில்லுனு இருக்கே, ஷாக் அடிச்சிடாதா?”

“அடிக்காதுக்கா. இப்ப சூடுதான் எமன்.”

குழாயடியில் வைத்து வயிறு, தொடை இடுக்கு, கழுத்து என்று ஊற்றிக்கொண்டே டேபிள் ஃபேனை இழுத்து வைத்தோம். முதலில் குளிரவைப்பது, பிறகு வண்டி. நாயின் இயல்பான சூடு 38.3 முதல் 39.2 டிகிரி வரை, அதாவது ஃபாரன்ஹீட்டில் 101 முதல் 102.5 வரை. 41-ஐத் தாண்டினால் உறுப்புகள் கெடத் தொடங்கும். ஆசனவாயில் வைக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று நாய் வளர்க்கும் வீட்டில் இருக்க வேண்டும். 39.5-க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அதற்குக் கீழேயும் இறங்கிக்கொண்டே போகும். தானாகக் குடித்தால் குடிக்கட்டும், வாயில் ஊற்றினால் புரையேறும். காய்ச்சல் மாத்திரை எதுவும் கூடாது. இந்தச் சூட்டுக்கு அது கேட்காது, பாராசிட்டமால் நாய்க்கு நஞ்சாகவும் ஆகலாம். எழுந்து வாலாட்டியதும் அக்கா இனிப் பயமில்லை என்றார். அப்படியும் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் ஓரிரு நாள் கழித்துக் கெடலாம் என்று சொல்லி ரத்தம் எடுத்துப் பார்த்து அனுப்பினார்கள். இப்போது அது காலையில் மட்டும்தான் பந்தின் பின்னால் ஓடுகிறது.

காரைப் பற்றி, சீசனுக்கு மேலே வருகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்கிறேன். கோடநாடு காட்சிமுனையிலும் தொட்டபெட்டாவிலும் ஜில்லென்று காற்று அடிக்கிறதே என்று நாயைக் காரில் விட்டுவிட்டு நடக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2005-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வெளியே 22 டிகிரி இருந்த நாளிலும் கார் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 22 டிகிரி கூடுதலாகச் சூடேறியது. அந்தச் சூட்டில் ஐந்தில் நாலு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய மாற்றமில்லை. 22 டிகிரி என்றால் அது நம் மலையின் மே மாதம்தான்.

எங்களுக்கு இதன் மறுபக்கமும் உண்டு. மலை நாயைக் கீழே இறக்கும் பயணம். மேட்டுப்பாளையம் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முப்பது சொச்சம் கிலோமீட்டரில் காற்றே பத்து டிகிரி வரை சூடாகிவிடும். சமவெளி நாய் அந்த வெயிலுக்கு மாதக் கணக்கில் பழகியது. மலை நாய் பழகச் சில வாரமாவது ஆகும், நாம் ஒரு மணி நேரத்தில் இறக்கிவிடுகிறோம். அதனால் கோடையில் போயே ஆக வேண்டும் என்றால் விடியுமுன் இறங்கி, பத்து மணிக்குள் மலை ஏறத் தொடங்கிவிடுகிறேன். கீழே தார்ச் சாலையில் இறக்குமுன் புறங்கையை ஏழு நொடி தரையில் வைத்துப் பார்க்கிறேன். எனக்குப் பொறுக்காத சூடு அதன் பாதத்துக்கும் பொறுக்காது.

கருப்பனுக்கு முடியை மழித்துவிடலாமே என்றும் பலர் சொன்னார்கள். இரட்டை ரோமம் உள்ள நாய்க்கு அந்த ரோமம்தான் வெயிலுக்குக் குடை. உதிரும் அடி ரோமத்தைச் சீவி எடுத்தால் போதும், காற்று தோல்வரை போகும். மழித்தால் தோல் வெயிலுக்கு நேராகக் காட்டப்படும், முடியும் சிலநேரம் பழையபடி வளராது.

பருவக்காற்று தொடங்குமுன் நிழல்வலையைக் கழற்றி மடித்து வைத்துவிடுகிறேன், விட்டால் கிழிந்து தேயிலைக்குள் போய் விழும். பனிக்காலத்தில் கீழ்த் திறப்பை ஒரு பலகையால் அடைத்து, கதவுப் பலகையையும் சாத்துகிறேன். மேல் திறப்பை மட்டும் எந்த மாதத்திலும் அடைப்பதில்லை. அடைத்தால் இரண்டு நாயின் மூச்சும் தகரத்தடியில் நீர் கோத்து, விடியற்காலையில் அவற்றின் மேலேயே சொட்டும்.